"நான் மாறணுமா, மேடம்?"

கேள்வி

மேடம், "செல்லமே", "கண்ணம்மா" என்று ஆரம்பித்தால் அதற்குமேல் படிக்க மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது 16. பதிமூன்று வயதுவரை திருச்சி. அப்புறம் அப்பாவின் வேலை எங்களைத் தூக்கிக்கொண்டு வந்து டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் போட்டது. எல்லா வீடும் ஒரே அச்சு. முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கதவில் எங்கள் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். இப்போது பதினோராம் வகுப்பு. தினமும் காலையில் அமெரிக்கக் கொடிக்கு ஓர் உறுதிமொழி, டெக்சாஸ் கொடிக்கு ஓர் உறுதிமொழி, பிறகு ஒரு நிமிட மௌனம். எனக்குப் பிடித்த பாடம் அந்த ஒரு நிமிடம்தான். மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்விடுவேன்.

அம்மா திருச்சியில் கணக்கு டீச்சர், இங்கே எச்-4 விசாவில் (அப்பாவின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் குடும்ப விசா) வீட்டில் இருக்கிறாள். தம்பிக்கு வயது 12. வந்த ஆறாம் மாதமே டெக்சாஸ்காரன் ஆகிவிட்டான், தெருவெல்லாம் நண்பர்கள். "அவனைப் பாரு" என்கிறாள் அம்மா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எதிர் அறையில்தான் இருக்கிறான்.

தீபாவளி விருந்தில் ஓர் அங்கிள், "அடுத்து என்ன படிக்கப்போறே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "டாக்டர்தான்" என்றார். "ஆமா அங்கிள், அப்பாவுக்குச் சின்ன வயசுலேருந்தே டாக்டர் ஆகணும்னு ஆசை. நான்தான் படிக்க வைக்கப்போறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது காரில் நாற்பது நிமிடம் ஜிபிஎஸ் மட்டும்தான் பேசியது. அப்புறம் நான்கு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. "அப்படியே அப்பாயி வாய்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் வீட்டில் அதற்கு வாய் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் ஆட்டிட்யூட் என்று பெயர். நான் மாறணுமா?

பி.கு.: ஹோம்கமிங் சமயத்தில், கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்தில் நிற்கிற பெண் தன்னுடைய மம்மைக் கொண்டுவந்து காட்டினாள். "இது பூவா, கல்யாண மண்டப வாசலா?" என்று கேட்டேன். அவள் பாட்டி மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டியது என்று அப்புறம் தெரிந்தது. அதற்குப்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

உள்ளேன் ஐயா, டெக்சாஸ்

பதில்

'உள்ளேன் ஐயா'வுக்கு,

அடைமொழி எதுவும் போடவில்லை, தைரியமாக மேலே படி.

மாற வேண்டாம். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில், இத்தோடு மூடிவைத்துவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. உன் மாதிரிப் பிள்ளைகளை என்னிடம் கூட்டிவருகிற பெற்றோர் பெரும்பாலும் "இவ கொஞ்சம் கலகலன்னு இருக்கணும் மேடம்" என்றுதான் கேட்பார்கள், ஃபேன் ரெகுலேட்டரை இரண்டிலிருந்து நான்குக்குத் திருப்பச் சொல்வது மாதிரி. என்னிடம் அந்தத் திருகு இல்லை, யாரிடமும் இல்லை. மதியம் நூலகத்தில் தனியாக உட்காருவது நோய் கிடையாது. நக்கலும் நோய் கிடையாது. ஒருவர் சொல்வதற்கும் உள்ளபடி இருப்பதற்கும் நடுவில் இருக்கிற ஓட்டையைப் பார்த்து, அதை நேராகச் சொல்லாமல் சொல்வது மூளைக்கு நல்ல வேலை. ஐந்தாறு வயதுக்கு முன்னால் குழந்தைகளுக்கு அது சரியாகப் பிடிபடுவதே இல்லை, சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். உனக்கு அது நன்றாகவே வந்திருக்கிறது. ஜிபிஎஸ் வரியை என் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆனால் நான் நின்ற இடம் வேறு. கடிதம் முழுக்க வரிக்கு ஒரு குத்து வைத்து எழுதியிருக்கிறாய், சாவி, மௌனம், எதிர் அறை, ஜிபிஎஸ் என்று. பின்குறிப்பின் கடைசி இரண்டு வரியில் மட்டும் ஒன்றுமே இல்லை. "அவள் பாட்டி மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டியது என்று அப்புறம் தெரிந்தது. அதற்குப்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை." அவ்வளவுதான், வெறும் வாக்கியம். நீ எனக்கு எழுதியதே இந்த இரண்டு வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அப்பா கதை பெரிதாக இருந்ததால் அதை மேலே வைத்துவிட்டு இதைப் பின்குறிப்பில் ஒளித்திருக்கிறாய். தப்பாக இருந்தால் திட்டி எழுது.

மம் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஹோம்கமிங் என்ற வருடாந்திர விழாவையொட்டி அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் பெண்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சாமந்திப் பூ அலங்காரம் அது. ஒரு காலத்தில் நிஜப் பூ, இப்போது செயற்கைப் பூ. அதிலிருந்து ரிப்பன், மணி, குட்டி டெடி பொம்மை, பெயர் எழுதிய பட்டை எல்லாம் தொங்கும், சிலருக்கு முழங்காலைத் தாண்டித் தரைவரைக்கும். கடையில் வாங்கினால் நூற்றுக்கணக்கான டாலர் போகும், அதனால் நிறைய வீடுகளில் அம்மாவும் பாட்டியும் சூடான பசைத் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே கல்யாண மண்டப வாசல் என்று நீ சொன்னது அளவில் ஒன்றும் பொய் இல்லை. "நான் உள்ளதைத்தானே சொன்னேன்" என்று நீ கேட்டால், ஆமாம், உள்ளதைத்தான் சொன்னாய்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெண் உன்னிடம் மதிப்பெண் கேட்டு வரவில்லை. பக்கத்தில் நிற்கிறவளிடம் கொண்டுவந்து காட்டினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரியும் கூட்டம் அவளுக்கு இருக்கலாம், அவர்களிடம் ஏற்கெனவே காட்டியும் இருக்கலாம், இருந்தும் உன்னிடமும் காட்டினாள். நீ மூன்று வருடமாக யாராவது வந்து செய்ய மாட்டார்களா என்று காத்திருந்த காரியம் அது. அது வந்தபோது உனக்கு அடையாளம் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

ஏன் முந்தியது? என் அனுபவத்தில் நக்கல்காரர்கள் இரண்டு சந்தர்ப்பத்தில் வாயைத் திறப்பார்கள். ஒன்று, பார்த்தது நிஜமாகவே அபத்தம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது பரவாயில்லை. இன்னொன்று, ஒன்று வேண்டும், கேட்கக் கூச்சம், கேட்டு இல்லையென்று வந்துவிட்டால் என்ன செய்வது, அதனால் அதைக் கேலியாகச் சுருட்டி எறிந்துவிடுவது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சொல்கிறவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் ராத்திரி படுத்த பிறகு.

உன் கடிதத்தில் உள்ளவற்றையே எடுத்துக்கொள். "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எதிர் அறையில்தான் இருக்கிறான்" என்பதற்குள் "என்னையும் ஒரு தடவை பாரேன்" இருக்கிறது. "நான்தான் அப்பாவைப் படிக்க வைக்கப்போறேன்" என்பதற்குள் "என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிச் சொல்லாதீர்கள்" இருக்கிறது. மண்டப வாசலுக்குள் என்ன இருந்தது என்று நீதான் சொல்ல வேண்டும், என் ஊகம், "எனக்கு இப்படி ஒட்டித்தர இங்கே யாரும் இல்லை". மூன்றுமே நியாயமான கோரிக்கை. மூன்றையும் யாரும் நிறைவேற்றவில்லை, ஏனென்றால் மூன்றும் யார் காதிலும் விழவே இல்லை. விழுந்தது கேலி மட்டும். அதற்கு அவர்கள் பதில் கொடுத்துவிட்டார்கள், தலையில் அடித்துக்கொண்டும் நான்கு நாள் பேசாமலும்.

நீ எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் ஆட்களுக்கு இது புதிது இல்லை, வஞ்சப்புகழ்ச்சி என்று இலக்கணத்தில் பெயரே வைத்து அணியாக்கி வைத்திருக்கிறார்கள். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள் அவ்வை. அவன் தன் ஆயுதக் கொட்டகையைக் காட்டுகிறான், பார்த்து மிரளட்டும் என்று. அவ்வை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், இவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. புகழ்வது போலவே இருக்கும், உள்ளே போய்க் கிழிக்கும். நீ இதைப் படித்தால் உனக்குச் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருக்கும். நான் கவனிக்கச் சொல்வது, அவள் யாரிடம் பேசினாள் என்பதை. படை வைத்திருக்கும் அரசனிடம். என்ன வேண்டி? சண்டை வேண்டாம் என்று. அவளுக்கு வேண்டியது என்ன என்று அவளுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் புரிந்திருக்கும். தொண்டைமானின் கொட்டகையில் எண்ணெய் போட்டுத் துடைக்கிற ஆளைப் பார்த்து அவள் அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு இன்றுவரை வந்திருக்காது. லேப் பெண் அரசன் கிடையாது, அவள் பாட்டி நிச்சயமாகக் கிடையாது.

சரி, உன்னைச் சொன்னது போதும். உன் ஊரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் இல்லாதது முழுக்க உன் வாயால்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறான கணக்கு. திருச்சியில் சைக்கிளை எடுத்தால் தோழி வீடு, இல்லையென்றால் டவுன் பஸ். நீ இருக்கிற பக்கம் ஊரே காருக்காகப் போட்டது. ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி போன்றவை டாலஸின் டார்ட் ரயில், பஸ் அமைப்பில் உறுப்பினர்கூட இல்லை. பதினாறு வயதுப் பெண் இன்னொரு பதினாறு வயதுப் பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு பெரியவர் கார் ஓட்ட வேண்டும், அவருக்கு நேரம் இருக்க வேண்டும், ஏன் எதற்கு என்று சொல்ல வேண்டும். சிநேகம் அப்படி முன்பதிவு செய்தெல்லாம் வளராது. அதற்கு மேல், 2025-26 கல்வியாண்டிலிருந்து டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்க செல்போன் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான், எனக்கு அதில் சண்டை இல்லை, ஆனால் தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை தலையைக் குனிந்துகொள்ள இருந்த ஒரே திரையும் போயிற்று. நூலகம் ஏன் என்று எனக்குப் புரிகிறது.

இன்னொன்று ரேங்க். 1997-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த விகிதம் குறைந்துகொண்டே வந்து, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதம். அங்கே கணக்கில் எடுப்பது பதினோராம் வகுப்பு முடிவில் உள்ள ரேங்க்கை, அதாவது உன் இந்த வருடத்தை. நம் ஆட்கள் அதிகமாக இருக்கிற பள்ளிகளில் இந்த வருடம் எல்லோரும் எல்லோரையும் ஒரு எண்ணாகப் பார்ப்பார்கள். அந்தச் சூழலில் மம்மைத் தூக்கிக்கொண்டு வந்து ஒருத்தி காட்டினாள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்" என்று நீ எழுதவில்லை, ஆனால் நூலகத்துக்கு ஓடுகிறவர்களிடம் அந்த எண்ணம் இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார், பதின்பருவத்தில் எப்போதும் ஒரு மேடையில் நிற்கிற மாதிரியும் எதிரே கூட்டம் உட்கார்ந்திருக்கிற மாதிரியும் தோன்றுவது. பிறகு 2000-இல் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்படி, பாரி மனிலோ என்ற பழைய பாடகரின் முகம் பதித்த டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்புவார்கள். உன் சட்டையில் இருப்பது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். நிஜத்தில் கவனித்தது சுமார் நான்கில் ஒருவர். மற்றவர்கள் அவரவர் சட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள், வேறென்ன.

இப்போது கொஞ்சம் டாக்டர் மாதிரி பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் மின்னஞ்சல் வந்த நேரம் உன் ஊர் கணக்கில் விடிகாலை 1.52. உன் வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், உடம்பின் கடிகாரமும் இந்த வயதில் தானாகவே தள்ளிப்போகும், அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014-லேயே பள்ளி 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது, கலிஃபோர்னியா 2022-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. டெக்சாஸில் அப்படி மாநிலச் சட்டம் இல்லை, உன் மணி அடிக்கிற நேரத்துக்கு நீ எழுந்தாக வேண்டும். தூக்கம் குறைந்தவளின் நக்கலில் நகைச்சுவை குறைந்து எரிச்சல் கூடும், அது எனக்கே ஆகும். ஆனால் நான் கேட்பது அதற்கு மேல் ஒன்று. பிடித்த விஷயங்கள் பிடிக்காமல் போனது, சாப்பாடோ தூக்கமோ தலைகீழானது, காரணமில்லாத எரிச்சல், எதற்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்பு, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறதா? பெரியவர்களுக்கு மனச்சோர்வு சோகமாக வரும் என்றால், உன் வயதில் அது எரிச்சல் வேஷத்திலும் வரும், வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துவிடுவார்கள். இருந்தால் வீட்டில் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் போ, பள்ளிக் கவுன்சிலரிடமும் போ. செத்துப்போகலாம் என்ற மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தால், விளையாட்டாக எட்டிப் பார்த்தாலும், 988 என்ற அமெரிக்க உதவி எண்ணுக்கு ஃபோன் செய் அல்லது குறுஞ்செய்தி அனுப்பு, எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. கேட்காமல் விடுவதில்லை என்பது என் பழக்கம்.

அப்பாவுக்கு வருவோம். அவர் சொன்னது தப்பு, நீ சொன்ன இடம் தப்பு. பத்துப் பேர் நடுவில் மகள் கிண்டல் செய்து எல்லோரும் சிரித்தால் நம் ஊர் அப்பாக்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, அதனால் பேசாமல் இருந்துவிடுவார்கள், நான்கு நாள் என்பது சராசரிதான். ஆனால் அந்த "டாக்டர்தான்" எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? நீ எச்-4. அந்த விசா பிள்ளைகளுக்கு 21 வயதோடு முடிந்துவிடும். இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருப்பாய். அதற்குள் வரவில்லையென்றால் நீ மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டும். உன் வகுப்பில் இருப்பவர்கள் சனிக்கிழமை ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக் காசு சேர்க்கும்போது உனக்கு அதற்கும் அனுமதி இல்லை. உன் அம்மாவுக்காவது, அப்பாவின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், 2015 முதல் வேலை அனுமதி கேட்க வழி உண்டு. பிள்ளைகளுக்கு அது கிடையாது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. இது உன் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தும் அந்த அங்கிளிடம் அப்படிச் சொன்னார் என்றால், அது திட்டமா, வேண்டுதலா, சும்மா கௌரவமா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

எங்கே கேட்பது? சாப்பாட்டு மேசையில் வேண்டாம், எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வழக்காடும் தோரணை வந்துவிடும். டெக்சாஸில் 15 வயதிலேயே பழகுநர் உரிமம் எடுக்கலாம், அதை ஆறு மாதம் வைத்திருந்து 16 முடிந்திருந்தால் அடுத்த உரிமம். அதற்கு, உரிமம் உள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 30 மணி நேரம் ஓட்டிப் பழகிக் கணக்கு எழுதிக் காட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று ஊகிக்கிறேன், ஆரம்பித்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு குத்து எழுதியிருப்பாய். அப்பாவைக் கேள். முப்பது மணி நேரம் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்கத் தேவையில்லை, பேச்சு நின்றுபோனால் "லெஃப்ட் இண்டிகேட்டர் போடு" என்று சொல்லிக்கொள்ளலாம். பதின்வயதுப் பிள்ளைகளும் அப்பாக்களும் உருப்படியாகப் பேசியதாக என் அறையில் வந்து சொன்னதில் பாதிக்கு மேல் காரில் நடந்தது. கையில் உரிமம் வந்தால் மேலே சொன்ன முன்பதிவுத் தொல்லையும் குறையும்.

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டாதே. ஒரு நாள், "அப்பா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல். அங்கேயே நிறுத்து. "ஆனா" போடாதே, போட்டால் முன்னால் சொன்னது செத்துப்போகும். இன்னொரு நாள், நாலைந்து தடவை ஓட்டிய பிறகு, "என்ன படிக்கணும்னு எனக்கே இன்னும் தெரியலப்பா. தெரியறவரைக்கும் யாராவது கேட்டா 'அவளையே கேளுங்க'ன்னு சொல்றீங்களா?" என்று கேள். இரண்டாவது வரி கோரிக்கை, கேள்விக்குறியோடு இருக்கிறது, அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். இல்லை என்றால் என்ன செய்வது என்கிறாயா? இன்னும் இருபத்து நான்கு மணி நேரம் பாக்கி இருக்கும்.

நடுவில் எப்போதாவது அப்பாயியைப் பற்றிக் கேள். "அப்படியே அப்பாயி வாய்" என்று அம்மா சொன்னதை நீ திட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறாய், எனக்கு அது ஒரு தகவலாகப் பட்டது. அந்த வாயிடம் வளர்ந்தவர் உன் அப்பா. அப்பாயி அவரை என்னவெல்லாம் ஓட்டியிருப்பார், அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்? கேட்டால் சொல்லுவார் என்றே நினைக்கிறேன். வண்டியும் ஓட்டலாம், அவர் சிரித்தாரென்றால் அவரையும் கொஞ்சம் ஓட்டலாம், காரில் இரண்டு பேர்தானே.

தம்பியை விட்டுவிடு. ஒன்பது வயதில் வந்தவனுக்கும் பதிமூன்றில் வந்தவளுக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. இதை அம்மாவிடமும் சொல்லலாம், அவருக்குக் கணக்கு புரியும்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. கணக்கு டீச்சர், இப்போது வீட்டில். திருச்சியில் ஒரு வகுப்புக்கு நாற்பது ஐம்பது பிள்ளைகள், மணி அடித்தால் ஸ்டாஃப் ரூமில் டீ, பேச்சு. இங்கே நீங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போனபின் அந்த ஒரே அச்சு வீட்டில் அவருக்கு மணி அடிப்பதில்லை. "அவனைப் பாரு" என்பது வகுப்பறைப் பழக்கம், முன் பெஞ்சுக்காரனைக் காட்டிப் பின் பெஞ்சுக்காரியைத் திட்டுவது, அது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த ஊரில் மதிய இடைவேளையைத் தனியாகக் கழிப்பவர்கள் உன் வீட்டில் இரண்டு பேர். ஒரு நாள் சாயங்காலம் உன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார். சந்தேகம் இல்லாவிட்டாலும் ஒன்று தயார் செய்துகொள். அவர் விளக்கும்போது குரல் எப்படி மாறுகிறது என்று பார், அவ்வளவுதான், வேறு எதுவும் பேச வேண்டாம்.

கடைசியாக, லேப் பெண். இதை நீ கேட்கவே இல்லை, பின்குறிப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாய், அதனால் நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தில் எப்படியும் ஒன்றிரண்டு நாள் அவளோடு ஒரே மேசையில் நிற்கப்போகிறாய். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஏதோ ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்வது சுலபம். அவள் மறந்திருப்பாள் என்று நினைக்காதே, பாட்டி விஷயம் யாருக்கும் மறக்காது. "உன் மம்மைப் பற்றி நான் சொன்னது மட்டமான பேச்சு. உன் பாட்டி செய்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் சொல்லியிருக்கக் கூடாது." மூன்று வாக்கியம், ஆங்கிலத்தில் உன் வாய்க்கு எப்படி வருமோ அப்படி. நடுவில் ஒரு ஜோக் வரும், எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் வந்து நிற்கும். அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிடு. அவள் "இட்ஸ் ஃபைன்" என்று திரும்பிக்கொள்ளலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம், அது அவள் உரிமை. கொஞ்சம் பேச்சு நீண்டால், இரண்டு நாள் கழித்தாவது, அந்த டெடி பொம்மையை எப்படி விழாமல் ஒட்டினார்கள் என்று கேள். எனக்கே அது தெரிய வேண்டும்.

என்ன சொன்னாள் என்று எழுது. ராத்திரி பத்து மணிக்குள்.